பந்தைக் கொடுக்கக் கற்பித்தல்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியில் பேச வருகிறார் என்றால், பரீட்சையைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ நூல் வாசிப்பைப் பற்றியோ பேசுவார் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று ஹொக்கி விளையாட்டைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். அவ்விளையாட்டு முழுவதையும் எடுத்துரைக்க எனக்குத் தகுதியும் இல்லை, இந்நேரமும் போதாது. ஒரு பிள்ளை தன்னிடமுள்ள பந்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பதை உடற்கல்விப் பாடவேளையில் எவ்வாறு கற்பிக்கலாம் என்ற சிறு கூறொன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எமது மாணவர் இதனைப் 'பாஸ்' என்பர். நானும் வசதி கருதி அவ்வாறே சொல்லிக்கொள்கிறேன்.

நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்பித்து வந்தவன். விளையாட்டு வீரன் என்று எக்காலத்தும் பெயர் எடுத்ததில்லை. அப்படிப்பட்டவன் இப்பொருளைப் பற்றிப் பேசத் துணிந்ததற்குக் காரணம், இவ்விடயத்தில் நான் ஒரு தவறு செய்தவன் என்பதே.

1990களின் நடுப்பகுதியில் மலைநாட்டுப் பாடசாலை ஒன்றுக்கு இளம் ஆசிரியனாக நியமிக்கப்பட்டேன். அங்கு உடற்கல்வி ஆசிரியர் இல்லை. களஞ்சிய அறையில் ஒரு கட்டு ஹொக்கி மட்டைகள் கிடந்தன. ஆசிரியர்களுள் வயதிற் குறைந்தவன் நான் என்ற ஒரே தகுதியினால் அக்கட்டு என் கையில் வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட். ஆகவே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பந்தை ஓங்கி அடிக்கச் சொன்னேன். எவன் தூர அடித்தானோ அவனைப் பாராட்டினேன். மூன்றாவது வாரத்தில், ஓங்கிய மட்டை ஒன்று பின்னால் நின்ற மாணவனின் வாயிற் பட்டது. முன்பற்கள் இரண்டு போயின. மறுநாள் அவனுடைய தந்தையார் தோட்டத்திலிருந்து வந்தார். அவர் என்னை ஏசவில்லை. "இது விளையாட்டுத்தானா, சேர்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. மட்டைகள் மீண்டும் களஞ்சிய அறைக்குள் சென்றன. நான் அப்பாடசாலையை விட்டு இடமாற்றம் பெறும்வரை அவை வெளியே வரவில்லை.

பல ஆண்டுகளின் பின், மாத்தளை மாவட்டத்துப் பாடசாலை ஒன்றுக்கு அதிபராக வந்தேன். மாத்தளை இந்நாட்டில் ஹொக்கிக்குப் பெயர்போன ஊர் என்பது நேயர்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆண்களும் பெண்களுமாக எத்தனையோ தேசிய வீரர்களை அம்மண் தந்திருக்கிறது. எமது பாடசாலைக்கு உடற்கல்வி ஆசிரியை ஒருவர் நியமனம் பெற்று வந்தார். வந்த முதல் வாரமே ஹொக்கி மட்டைகள் வேண்டும் என்று கேட்டார். நான் தயங்கினேன். பழைய கதையைச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "முதல் தவணை முழுவதும் ஒரு பிள்ளையும் பந்தை அடிக்காது, சேர். அதற்குச் சம்மதமா?" என்றார். அடிக்காமல் ஹொக்கி எப்படி என்று எனக்கு வியப்பாக இருந்தது. அவர் பாடவேளைகளிற் சென்று ஓரமாக நின்று பார்க்கத் தொடங்கினேன். இனி நான் சொல்வனவற்றுட் பெரும்பகுதி அவரிடம் கற்றது.

ஹொக்கியில் பந்தைச் செலுத்தப் பல வழிகள் உண்டு. ஓங்கி அடிப்பது ஒன்று. நிலத்தோடு வைத்துத் தள்ளுவது ஒன்று. மட்டையாற் கிளப்பி உயர அனுப்புவது இன்னொன்று. இவற்றுட் பிள்ளைகள் முதலிற் கற்க வேண்டியது தள்ளுதலே. தள்ளும்போது மட்டை பந்தை விட்டுப் பின்னே செல்வதில்லை. பந்தைத் தொட்டபடி தொடங்கி, தொட்டபடியே ஓரடி இரண்டடி அதனை இழுத்துச் சென்று விடுகிறது. ஆகவே பின்னால் நிற்பவனுக்கு அபாயம் இல்லை. பந்து செல்லும் திசையையும் பிள்ளை கடைசிக் கணம்வரை தன் கையில் வைத்திருக்கிறது.

இதனை எவ்வாறு செய்வது? இடக்கை மட்டைப் பிடியின் உச்சியில் இருக்க வேண்டும். வலக்கை ஏறத்தாழப் பாதி வழியில், சற்றுத் தளர்வாக. கிரிக்கெட் பழகிய நம் பிள்ளைகள் இரு கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கின்றனர். அவ்வாறு பிடித்தவுடனே மட்டையை ஓங்க வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. கைகளைப் பிரித்து வைத்தாலே பாதி அபாயம் நீங்கிவிடும் என்பது எமது ஆசிரியையின் கருத்து. நானும் கண்ணாற் கண்டேன். பிள்ளை, பந்து செல்லவேண்டிய திசைக்கு இடத்தோளைக் காட்டிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பந்து வலக்காலின் அருகே இருக்கட்டும். முழங்கால்கள் மடியட்டும். உடலின் பாரம் வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாறும்போது மட்டையும் பந்தும் சேர்ந்தே முன்னே வரும். வலிமை கையிலிருந்து பிறப்பதில்லை, காலிலிருந்தே பிறக்கிறது. ஆதலால் மெலிந்த பிள்ளையும் இதனை நன்றாகச் செய்யலாம். எமது வகுப்பில் மிகச் சிறந்த தள்ளல், வகுப்பிலேயே சிறிய உருவமுடைய சிறுமி ஒருத்தியுடையது.

மட்டையின் பிடி எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பந்தை விடும் நேரத்தில் பிடி முன்னே, அதாவது பந்து போகும் பக்கம் சாய்ந்திருந்தால் பந்து நிலத்தோடு செல்லும். பிடி பின்னே சாய்ந்தால் மட்டையின் முகம் மேல்நோக்கும், பந்தும் கிளம்பும். ஹொக்கிப் பந்தின் எடை 156 கிறாமுக்கும் 163 கிறாமுக்கும் இடைப்பட்டது. கல்லைப் போன்று கடினமானது. அது நிலத்தை விட்டுக் கிளம்பினால் என்ன நிகழும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முன்னாளிலே தோளுக்கு மேல் மட்டையை உயர்த்துவதே குற்றமாகக் கொள்ளப்பட்டது. இன்றைய சர்வதேச விதிகளோ அதனால் அபாயம் நேர்ந்தாலே தண்டிக்கின்றன. எமது பாடசாலைக்கு அவ்விதி போதாது. எமது ஆசிரியை வகுத்த விதி, முதல் தவணையில் மட்டை முழங்காலுக்கு மேல் எழக் கூடாது என்பது. எழுந்தால் அப்பிள்ளை மட்டையை வைத்துவிட்டு மைதானத்தை ஒருமுறை சுற்றி நடந்து வர வேண்டும். ஓடி வரவேண்டியதில்லை, நடந்து வந்தாற் போதும். ஓடுவதைத் தண்டனை ஆக்கினால் பிள்ளைகள் ஓட்டத்தையே வெறுப்பர் என்று அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஹொக்கி மட்டைக்கு ஒரு பக்கம் மட்டுமே தட்டையானது. அத்தட்டை முகம் இடப்பக்கமாக அமைந்திருக்கும். இடக்கைப் பழக்கமுள்ளவர்க்கென வேறு மட்டை இல்லை. இதனால், இடப்புறமாகப் பந்தைத் தள்ளுவது எளிதாகவும் வலப்புறமாகத் தள்ளுவது கடினமாகவும் அமைகிறது. வலப்புறம் கொடுக்க விரும்பும் பிள்ளை தன் கால்களைப் பந்தைச் சுற்றி நகர்த்தி உடலைத் திருப்ப வேண்டும். பிள்ளைகளோ கால்களை அசையாது வைத்துக்கொண்டு கைகளை மட்டும் முறுக்குவர். பந்தும் எங்கோ போகும். "பந்து தவறியதற்குக் கை காரணமல்ல, காலைப் பார்" என்று அவ்வாசிரியை ஒரு பாடவேளையில் எத்தனை தடவை சொல்வார் என்று எண்ணிப் பார்த்து நான் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

பந்து சென்று சேர வேண்டிய இடம் எது? பெறுபவரை நோக்கி என்று சொன்னாற் போதாது. பெறுபவரின் மட்டையை நோக்கி அது செல்ல வேண்டும். மட்டை அவரது வலப்பாதத்துக்கு வெளியே இருக்கும். இருவர் எதிரெதிரே நிற்கும்போது பெறுபவரின் வலப்புறம் கொடுப்பவருக்கு இடப்புறமாகத் தோன்றும். இச்சிறு கணக்குப் பிள்ளைகளுக்கு விளங்க இரண்டு வாரம் சென்றது. விளங்கிய பின்னர், அதுவரை காலிற் பட்டு நின்றுபோன பாஸ்களிற் பெரும்பாலானவை மட்டைக்குச் சென்றன. காலிற் பந்து படுவது ஹொக்கியில் தவறென்பதால் இதன் பயனை உடனே கண்டனர்.

இனி, பெறுதல். கொடுப்பதை எல்லோரும் கற்பிக்கின்றனர். பெறுவதைக் கற்பிப்போர் குறைவு. இரண்டும் ஒன்றின் இரு பாதிகள். வரும் பந்தை இறுகிய கையோடு தடுத்தால் அது சுவரிற் பட்டதுபோல் தெறித்தோடும். வலக்கையைத் தளர்த்தி, பந்து மட்டையைத் தொடும் கணத்தில் மட்டையைச் சற்றே பின்வாங்கினால் பந்து அடங்கி நிற்கும். பச்சை முட்டை ஒன்றைக் கையில் ஏந்திப் பிடிப்பதுபோல என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். அடுத்த நாள் ஒருவன் உண்மையாகவே முட்டை ஒன்றைக் கொண்டுவந்து பரிசோதித்தான். முட்டை உடைந்தது. ஆயினும் ஆறாவது முயற்சியிற்றான் உடைந்தது என்பதை அவன் பெருமையாகச் சொன்னான்.

நாம் விளையாடும் தரை எப்படிப்பட்டது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கிலேயே முதன்முதலாக ஒலிம்பிக் ஹொக்கி செயற்கைப் புற்றரையில் ஆடப்பட்டது. அதன்பின் உலகின் பெரிய ஆட்டங்களெல்லாம் அத்தகைய தரைக்கு மாறிவிட்டன. அங்கே பந்து கோடு கிழித்ததுபோல் ஓடும். எமது மைதானமோ சரளைக் கல் நிறைந்தது. புல் ஒரு மூலையில் மட்டும் உண்டு. அங்கே மாடு கட்டப்பட்டிருக்கும். பந்து எப்போது துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. ஆகவே பெறுபவர் நன்றாகக் குனிந்து, மட்டையை நிலத்தோடு ஏறத்தாழப் படுக்கவைத்துப் பந்துக்கு நீண்ட தடையை உண்டாக்கப் பழக்கினோம். ஒவ்வொரு பாடவேளையின் முதல் ஐந்து நிமிடமும் எல்லோரும் வரிசையாக நடந்து கல் பொறுக்குவர். ஆசிரியையும் பொறுக்குவார். ஓரிரு நாள் நானும் பொறுக்கினேன்.

நாற்பது பிள்ளைகளுக்குப் பதினான்கு மட்டைகள் என்பது எமது நிலை. இதனைக் கேட்டுப் பல ஆசிரியர்கள் தம் பாடசாலையை நினைத்துக்கொள்வர். இருவர் எதிரெதிரே ஐந்து மீற்றர் இடைவெளியில் நிற்பர். நடுவே இரண்டு கற்கள் ஒரு மீற்றர் அகலத்தில் வாயில்போல் வைக்கப்படும். பந்து அவ்வாயிலூடாகச் செல்ல வேண்டும். மட்டையில்லாத பிள்ளைகள் ஒவ்வொரு சோடிக்கும் அருகில் நின்று, வாயிலூடே சென்ற பந்துகளை எண்ணுவர். கால் சரியாக இருந்ததா என்றும் சொல்வர். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவர். பார்த்துக் குற்றம் சொல்லும் பிள்ளை தன் முறை வரும்போது அதே குற்றத்தைச் செய்யத் தயங்குகிறது. இதனை நான் தமிழ்ப் பாடத்திற் கட்டுரை திருத்தும்போதும் பயன்படுத்தியிருக்கிறேன். தொடக்கத்தில் பழைய டெனிஸ் பந்தே போதும். உண்மையான ஹொக்கிப் பந்து வரும்போது முழந்தாட் காப்பும் பற்காப்பும் இன்றி ஒரு பிள்ளையும் ஆட இறங்கக் கூடாது. காப்புகள் பதினான்கு சோடிக்குப் பழைய மாணவர் சங்கம் உதவியது.

இரண்டு பிள்ளைகள் அசையாது நின்று ஆயிரம் தடவை தள்ளினாலும் அது ஹொக்கி ஆகாது. எதிராளி ஒருவர் வந்தவுடன் கற்றதெல்லாம் மறந்துபோகும். ஆகவே மூன்றாம் வாரத்திலேயே மூவருக்கு ஒருவர் என்ற ஆட்டம் தொடங்கியது. பத்து மீற்றர் சதுரம் ஒன்று. மூவர் பந்தைத் தமக்குள் கொடுத்து வாங்க, நடுவில் ஒருவர் பறிக்க முயல்வார். இவ்வாட்டத்திலேதான் பாஸ் என்பதன் உயிர் தெரிகிறது. பந்தை வைத்திருப்பவருக்கு இடத்தில் ஒருவர், வலத்தில் ஒருவர் என இருபுறமும் வழி திறந்திருந்தால் நடுவில் நிற்பவர் எதையும் செய்ய முடியாது. ஒருவர் எதிராளியின் பின்னே மறைந்து நின்றால் ஒரு வழி அடைபட்டுப்போகும். எனவே பாஸ் பிழைத்ததற்குக் கொடுத்தவர் மட்டும் பொறுப்பாளி அல்லர். பந்து இல்லாதவர் எங்கே நின்றார் என்பதும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கிறது.

ஹொக்கியில் ஏன் பாஸ் இத்துணை அவசியம் என்று பிள்ளைகள் கேட்பர். கேட்க வேண்டும். அதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று விதியிலேயே உள்ளது. மைதானத்தின் நீளம் 91.40 மீற்றர், அகலம் 55 மீற்றர். கோலின் முன்னே 14.63 மீற்றர் தூரத்தில் வளைந்து செல்லும் கோடு ஒன்று உண்டு. அதற்குள்ளே தாக்கும் அணியின் மட்டை பந்தைத் தொட்டாலன்றிக் கோல் கிடையாது. தூரத்திலிருந்து ஓங்கி அடித்துக் கோல் பெறுதல் இவ்விளையாட்டில் இயலாது. பந்தை அங்கே கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். மற்றைய விடையை ஆசிரியை ஒரு பந்தயத்தால் விளக்கினார். வகுப்பில் மிக விரைவாக ஓடும் மாணவனைக் கோட்டில் நிறுத்தினார். அவன் முப்பது மீற்றர் ஓட வேண்டும்; அதே தூரத்தைப் பந்து மூவர் கைமாறிக் கடக்க வேண்டும். பந்து வென்றது. இரண்டாம் முறையும் வென்றது. மூன்றாம் முறை, அவன் பந்தையும் மட்டையால் உருட்டிக்கொண்டே ஓடினான். அப்போது அவன் இன்னும் வெகுதூரம் பின்தங்கினான். அன்று முதல் அவன் பந்தைக் கொடுக்கத் தொடங்கினான் என்று சொல்ல விருப்பந்தான், அது உண்மையாகாது. அவனுக்கு இன்னும் ஒரு தவணை பிடித்தது.

தியான் சந்தின் பெயரைச் சொல்லாமல் நம் நாட்டில் ஹொக்கிப் பேச்சு நிறைவு பெறுவதில்லை. 1932ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குச் செல்லும் வழியில் இந்திய அணி கொழும்பில் இறங்கி இலங்கை அணியோடு இரண்டு ஆட்டங்கள் ஆடியது. முதலாவதில் 20க்குப் பூச்சியம். இரண்டாவதில் 10க்குப் பூச்சியம். அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாமெல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறோம்: பந்து அவருடைய மட்டையில் ஒட்டிக்கொண்டே இருந்ததாம், காந்தம் இருக்கிறதோ என்று மட்டையை உடைத்துப் பார்த்தனராம். கேட்கச் சுவையான கதை. ஆனால் அதைக் கேட்கும் பிள்ளை, பெரிய வீரன் என்பவன் பந்தை விடாதவன் என்று கற்றுக்கொள்கிறது. அதே 1932இல் இந்தியா அமெரிக்காவை 24க்கு 1 என்று வென்ற ஆட்டத்தில் தியான் சந்த் எட்டுக் கோல்கள் போட்டார். அவருடைய தம்பி ரூப் சிங் பத்துப் போட்டார். நடுவில் ஆடிய அண்ணனைவிடப் பக்கத்தில் ஆடிய தம்பிக்கு இரண்டு அதிகம். காந்தக் கதையை விட்டுவிட்டு இக்கணக்கையே நான் இப்போது வகுப்புகளிற் சொல்லி வருகிறேன்.

ஒன்றை இடையிலே சொல்ல வேண்டும். நான் மாணவனாக இருந்த காலத்தில் ஹொக்கியிலும் 'ஓஃப்சைட்' விதி இருந்தது. முன்னே சென்று நிற்பவருக்குப் பந்தைக் கொடுக்க முடியாமற்போகும். அவ்விதி 1990களில் பரீட்சார்த்தமாக விலக்கப்பட்டு 1998இல் நிரந்தரமாக நீங்கியது. ஆகவே இன்றைய பிள்ளைக்கு முன்னே கொடுக்கும் பாஸ் மிக எளிதாகத் திறந்து கிடக்கிறது. பழைய விதியோடு வளர்ந்த என்னைப் போன்றோர் இன்னும் மைதானத்தின் ஓரத்தில் நின்று "பின்னுக்கு வா" என்று கத்திக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரிக்கின்றனர்.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விடயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் தவணையில் ஏழு பேருக்கு ஏழு பேர் என ஆணும் பெண்ணும் கலந்து இருபது நிமிட ஆட்டம் நடத்தப்பட்டது. மட்டை கிடைக்காத பிள்ளைகள் இருவரிடம் ஆசிரியை ஒரு கொப்பியைக் கொடுத்து, யார் யாருக்குப் பாஸ் கொடுக்கின்றனர் என்று கோடு போடச் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் அக்கொப்பியை எனக்குக் காட்டினார். மொத்தம் 38 பாஸ்கள். எமது பாடசாலைக்கு நகரத்துக் கடைவீதியிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் ஒரு பாதி. மேலேயுள்ள தோட்டங்களிலிருந்து கூட்டமாக நடந்து வரும் பிள்ளைகள் மறுபாதி. ஒரே அணியிலே இரு சாராரும் இருந்தனர். ஆயினும் அந்த 38 பாஸ்களில் நகரப் பிள்ளையிடமிருந்து தோட்டப் பிள்ளைக்கோ, தோட்டப் பிள்ளையிடமிருந்து நகரப் பிள்ளைக்கோ சென்றவை 5 மட்டுமே. வலப்புற ஓரத்தில் நின்ற ஒரு சிறுமிக்கு இருபது நிமிடத்தில் ஒரு பந்தும் வரவில்லை.

நேயர்களே, திங்கட்கிழமை தோறும் காலைக் கூட்டத்தில் ஒற்றுமையைப் பற்றிப் பேசுபவன் நான். நாலாண்டு காலம் அப்பிள்ளைகளைத் தினமும் பார்த்தவன். இது என் கண்ணிற் படவில்லை. பிள்ளைகளுக்கும் இது தெரியாது என்றே நம்புகிறேன். எவரும் எவரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. பந்து காலடியில் இருக்கும் அவசர நேரத்தில் கண் தானாகவே பழகிய முகத்தைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்தில் இதனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றேன். ஆசிரியை என்னைத் தடுத்தார். "பேசினால் எங்களுக்குக் காட்டுவதற்காகக் கொடுப்பார்கள், சேர்" என்றார். அவர் சொன்னது சரியென்பதை நாங்களே செய்த ஒரு பிழையால் அறிந்தோம். எல்லோரும் பந்தைத் தொட்ட பின்னரே கோல் செல்லும் என்று ஒரு விதியை ஏற்படுத்திப் பார்த்தோம். பல நூல்களில் இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது. நடந்தது என்னவெனில், பிள்ளைகள் வரி கட்டுவதுபோல ஒவ்வொருவருக்கும் ஒருமுறை பந்தைத் தட்டிவிட்டு, கடமை முடிந்ததென்று பழையபடி தம் நண்பரோடு ஆடினர். பந்து வந்த பிள்ளைக்கும் அது அவமானமாகவே இருந்தது. இரண்டு வாரத்தில் அவ்விதியைக் கைவிட்டோம்.

அதன்பின் செய்தது மிகச் சாதாரணமானது. மூவருக்கு ஒருவர் ஆட்டத்திற்குரிய குழுக்களைப் பிள்ளைகள் தாமே தெரியாமல், ஆசிரியை முன்னரே எழுதிக் கொண்டுவந்தார். ஒவ்வொரு குழுவிலும் இரு சாராரும் இருந்தனர். ஒவ்வொரு பாடவேளையிலும் குழுக்கள் மாறின. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. பத்து மீற்றர் சதுரத்துக்குள்ளே மூவர் மட்டும் இருக்கும்போது பழகிய முகத்தைத் தேட இடமில்லை. திறந்திருக்கும் வழி எதுவோ அதற்குத்தான் கொடுக்க வேண்டும். பந்தை வேண்டுபவர் கொடுப்பவரின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும் என்று ஒன்றை மட்டும் சேர்த்தார். முதல் நாள் பலருக்கு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியவில்லை. ஒரே வகுப்பில் மூன்றாண்டு இருந்த பிள்ளைகள்!

தவணை முடிவில் மீண்டும் அதே ஆட்டம், அதே கொப்பி. மொத்தம் 44 பாஸ்கள். இரு சாராருக்குமிடையே சென்றவை 17. இது முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். பஸ்ஸில் வருபவர்கள் இன்றும் பஸ்ஸில் ஒன்றாகத்தான் வருகின்றனர். இடைவேளையில் தனித்தனி மரத்தடியிலேதான் உண்கின்றனர். மைதானத்தில் மட்டும் சிறிது மாறியிருக்கிறது.

பெற்றோருக்கும் சக அதிபர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை சுகாதாரமும் உடற்கல்வியும் எல்லோருக்கும் உரிய பாடம், க.பொ.த. சாதாரண தரத்தில் அது விருப்பப் பாடமாகி விடுகிறது. ஆயினும் ஒன்பதாம் தரத்திலேயே, பரீட்சை நெருங்குகிறது, கணிதம் முடியவில்லை என்று உடற்கல்விப் பாடவேளையைப் பிற பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் எடுத்திருக்கிறேன். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். கல் பொறுக்க ஐந்து, மட்டை பங்கிட ஐந்து, கைகால் கழுவி வகுப்புக்குத் திரும்ப ஐந்து. மீதமிருப்பது இருபத்தைந்து நிமிடமே. அதிலும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பறிக்கப்பட்டால், பிள்ளை சென்ற முறை கற்ற காலடியை மறந்துவிட்டே வரும். இவ்வாண்டு முதல் எமது பாடசாலையில் அந்நேரத்தை எவரும் கடன் கேட்கக் கூடாதென்று நேரசூசியிலேயே எழுதி வைத்துள்ளேன். கணித ஆசிரியர் என்னோடு சில நாள் பேசவில்லை.

அந்த வலப்புறச் சிறுமியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாவது ஆட்டத்திலும் அவளுக்கு மூன்று பாஸ்களே வந்தன. கொடுப்பவர்களையே குறைகூறியிருந்த நான், இம்முறை அவளை மட்டும் இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எப்போதும் எதிராளி ஒருவரின் பின்னே நின்றாள். பந்து தன்னிடம் வந்துவிடுமோ என்ற அச்சம் அவளுக்கு. பந்து வந்தால் தவறவிடுவோம், தவறவிட்டால் ஏசுவார்கள். ஆகவே அவளுக்குத் தேவைப்பட்டது பந்தை நிறுத்தும் பயிற்சி. ஆசிரியை அவளோடு வேறு இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து, இடைவேளைகளிற் பத்து நிமிடம் டெனிஸ் பந்தால் பெறுதலை மட்டும் பழக்கினார். முதலில் மெதுவாக, பின்னர் சற்று விரைவாக, பின்னர் துள்ளும் தரையில். ஒரு மாதம் சென்றது. சென்ற வாரம் நான் அலுவலகச் சன்னலால் பார்த்தபோது, பந்து நடுவில் இருந்தது; அவள் எதிராளியின் பின்னிருந்து இரண்டு எட்டு வெளியே வந்து, மட்டையை நிலத்தில் வைத்து, கொடுக்கவேண்டியவனின் பெயரை உரக்கச் சொல்லி அழைத்தாள். அவன் மற்றப் பக்கம் கொடுத்துவிட்டான். அவள் அடுத்த முறையும் வெளியே வந்தாள்.